கேபிள் காட்டும் அறிகுறிகள்: பங்க், கேஸ் பிளான்ட், எண்ணெய் டெப்போ எலக்ட்ரீஷியன்களுக்கு

"அண்ணாச்சி, மழ பெஞ்சா மட்டும் டிஸ்பென்சர் நின்னு போகுது. வெயிலடிச்சா தானா ஓடுது." ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் போன வருஷம்தான் கேபிள் மாற்றியிருப்பார்கள். கழற்றியது எந்த வகையோ அதே வகை, அதே அளவு, அதே கடை. கெடுத்த காரணம் மண்ணுக்குள் அப்படியே இருக்க, கேபிள் மட்டும் புதிதாகியிருக்கும்.

நம் பக்கம் மண்ணும் காற்றும் பத்து மைலுக்கு ஒரு தரம் மாறுகிறது. மானூர், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேடு. உவரி, இடிந்தகரை போனால் உப்புக்காற்று. மூன்று இடத்திலும் ஒரே பெட்ரோல்தான், ஆனால் கேபிள் கெடும் விதம் ஒன்றல்ல. அதனால் அறிகுறியில் தொடங்கி, எங்கே பார்க்க வேண்டும், மாற்றும்போது எதை வாங்க வேண்டும் என்று நான் வேலை பார்க்கும் முறையில் எழுதுகிறேன். வீட்டு வயரிங் நன்றாகத் தெரிந்த தம்பிமார் பங்க் வேலைக்குள் முதல் தடவை நுழையும்போது இது கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெட்டியைத் திறக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். சம்ப், கேபிள் டிரெஞ்ச், டக்ட் என்று பள்ளம் பார்த்துப் போய் உட்காரும். காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். எல்.பி.ஜி-யும் கனம்தான், அதுவும் கீழேதான் போகும். சி.என்.ஜி மட்டும் இலேசு, மேலே ஏறிக் கூரை அடியில் தங்கும். எனவே கேஸ் மீட்டரை எங்கே நீட்டுவது என்பதை அங்கே இருக்கிற எரிபொருள்தான் முடிவு செய்கிறது.

ஆவி சேரும் வாய்ப்பை வைத்து இடத்தை ஸோன்களாகப் பிரிப்பார்கள். டேங்க்கின் உட்புறம் ஸோன் 0. டிஸ்பென்சரின் உள்ளும் சம்பும் ஸோன் 1. அதைச் சுற்றிக் கொஞ்ச தூரம் ஸோன் 2. எல்லை எதுவரை என்பதற்கு அந்த இடத்தின் வரைபடம் இருக்கும். மேனேஜரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

"டீசல்தானே அண்ணாச்சி, அது எங்க பத்தப் போகுது" என்று ஒரு பேச்சு உண்டு. நம் நாட்டுத் தரத்தில் டீசலின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் சூடு, குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயில் அதைத் தாண்டிப் போகிறது. டீசலையும் பெட்ரோல் போலவே நினைத்து வேலை பாருங்கள்.

இரண்டு முனையிலும் சப்ளையைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். பெர்மிட் எழுதி, எல்.இ.எல் மீட்டரில் (எரியும் ஆவியைக் காட்டும் கேஸ் மீட்டர்) கேஸ் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர்.

இன்சுலேஷன் அளக்கும் மீட்டரான மெக்கர் பற்றி ஒன்று. நிறையப் பேர் சேல்ஸ் ரூமில் உட்கார்ந்து மெக்கர் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நீங்கள் இங்கே 500 வோல்ட் கொடுத்தால் அதே 500 வோல்ட் கேபிளின் மறுமுனையில், சம்புக்குள்ளும் நிற்கும். அந்த முனை திறந்து தொங்கினால் அங்கே பொறி பறக்கும். மறுமுனையைப் பிரித்து, கோர்களைத் தனித்தனியாக இன்சுலேட் செய்து, அங்கே கேஸ் இல்லை என்று பார்த்து, ஒரு ஆளையும் நிறுத்திய பிறகே மெக்கர் போடுங்கள். முடிந்ததும் கோரை எர்த்தில் தொட்டு டிஸ்சார்ஜ் செய்வதும் கேஸ் இல்லாத முனையில்தான். டிஸ்பென்சரின் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றாமல் மெக்கர் போட்டால் அந்தப் போர்டு போய்விடும்.

மழை பெய்தால் மட்டும் டிரிப்

மூன்று கோர், அவற்றைச் சுற்றி உலோகக் காப்பாக ஒரு ஆர்மர் என்று வையுங்கள். ஒவ்வொரு கோரையும் ஆர்மருக்கு எதிராக அளந்து, பிறகு கோருக்குக் கோர் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கோர் மட்டும் குறைவாகக் காட்டினால் ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறது: கடப்பாரை பட்டது, கல் குத்தியது, லக் அடிக்கும்போது கத்தி இறங்கியது. எல்லாக் கோரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கியிருந்தால் அது தண்ணீர். முனையில் மட்டும் ஈரமா, உள்ளே ஓடிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. முனையைப் பத்து சென்டிமீட்டர் வெட்டிப் புது முனை எடுத்து மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் தப்பித்தீர்கள். ஏறாவிட்டால் தண்ணீர் நீளத்துக்குள் போய்விட்டது, அந்தக் கேபிளுக்குச் செலவழிப்பது வீண். புதுக் கேபிள் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கியதை நான் திரும்பச் சேர்ப்பதே இல்லை. ஹாட் ஏர் கன் பிடித்துக் காயவைக்கலாமா என்று கேட்பார்கள். அது பற்றவைக்கும் பொருள், ஸோனுக்குள் கொண்டுபோகவே கூடாது.

தண்ணீர் எப்படி நுழைந்தது? நான் பார்த்தவரை முதல் காரணம் கிளாண்ட், அதாவது கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து அடைக்கும் பாகம். பெட்டியின் தலையில் ஓட்டை போட்டுக் கேபிளை மேலிருந்து இறக்கியிருப்பார்கள். மழை கேபிள் வழியே வழிந்து நேராகக் கிளாண்டுக்கு வரும். கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ நுழைத்து, நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இரண்டாவது காரணம் கரிசல் மண்ணுக்கே உரியது. கோடையில் கரிசல் வெடிக்கும்போது உள்ளே கிடக்கும் கேபிளைப் பிடித்து இழுக்கிறது. கிளாண்டுக்குள்ளிருந்து வெளி உறை ஒரு விரல்கடை நழுவி வந்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. மழை வந்ததும் அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும். மானூர் பக்கத்தில் ஒரே பங்க்கில் இரண்டு வருஷம் இதைப் பார்த்தேன். மூன்றாவது தடவை டிரெஞ்ச்சிலிருந்த மண்ணை வாரி வெளியே போட்டு, கேபிளுக்கு மேலும் கீழும் ஆற்று மணல் நிரப்பி, இரண்டு முனையிலும் ஒரு சுற்று தளர்வு விட்டேன். அதற்குப் பிறகு அந்தப் போன் வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்படி மூழ்கிய பெட்டியைக் காயவைத்து மூடிவிடக் கூடாது. ஃபிளேம்புரூஃப் பெட்டி என்பது உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத பெட்டி. அதன் மூடியும் உடலும் சேரும் முகம்தான் உள்ளே வெடித்த சூடான வாயுவைக் குளிரவைத்து வெளியே விடும் வழி. அதில் வண்டல் ஒட்டினாலும் துரு அரித்தாலும் பெட்டி தன் வேலையைச் செய்யாது. முகத்தைச் சுத்தம் செய்து, உறையாத கிரீஸ் மட்டும் மெல்லப் பூசுங்கள். சிலிக்கான் ஒட்டுப் பசை அங்கே போகவே கூடாது.

மழை டிரிப்புக்கு மாற்றும்போது: எக்ஸ்.எல்.பி.இ (பி.வி.சி-யைவிட அதிகச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்) இன்சுலேஷன், பிழிந்து வார்த்த உள் உறை, உருண்டைக் கம்பி ஆர்மர், வழியில் ஜாயிண்ட் இல்லாத ஒரே நீளம். இருபது மீட்டர் மிச்சம் என்று பழைய துண்டைச் சேர்த்து மண்ணுக்குள் ஜாயிண்ட் போடாதீர்கள்.

பேனலைத் திறந்தால் பெட்ரோல் வாசம்

டிரிப் ஆகவில்லை, எல்லாம் ஓடுகிறது, வாசம் மட்டும் வருகிறது என்றால் யாரும் அவசரப்படுவதில்லை. இந்தப் பட்டியலில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

ஒரு பங்க்கில் காலையில் சேல்ஸ் ரூமைத் திறந்ததும் வாசம் அடிக்கிறது என்றார்கள். பங்க்கில் வாசம் அடிக்காமல் இருக்குமா என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். டிஸ்ட்ரிபியூஷன் பேனல் தரையோடு சேர்ந்து நிற்கிறது, அதன் அடியில் கேபிள் டக்ட் வந்து திறக்கிறது. அந்தப் பேனலில் இருப்பது சாதாரண எம்.சி.பி-யும் கான்டாக்டரும். ஃபிளேம்புரூஃப் இல்லை, இருக்கவும் தேவையில்லை, ஏனென்றால் அது பாதுகாப்பான அறை. ஆனால் ராத்திரி முழுக்க ஆவி வந்து சேரும் அறை எப்படிப் பாதுகாப்பான அறையாகும்? காலையில் முதல் கான்டாக்டர் உள்ளே இழுக்கும் அந்த நொடிதான் கேள்வி.

மீட்டரை டக்ட் வாயில் வைத்தேன், ஏறியது. டக்ட்டைப் பசை வைத்து அடைத்தோம், அறையைத் திறந்து காற்றாட விட்டோம். மறுநாள் வாசம் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. மீட்டரைக் கேபிள் பிரியும் இடத்தில், அதாவது உள் உறை முடிந்து கோர்கள் விரியும் இடத்தில் நேராக வைத்தபோது மீண்டும் ஏறியது. ஆவி கேபிளுக்கு உள்ளேயே நடந்து வந்துகொண்டிருந்தது.

கேபிளுக்குள் எப்படி வழி கிடைக்கும்? மூன்று வட்டமான கோர்களைச் சேர்த்தால் நடுவிலும் ஓரத்திலும் இடைவெளி விழும். அதை நிரப்பப் பாலிப்புரொப்பிலீன் நூல் வைத்து, மேலே டேப் சுற்றி, அதன்மேல் ஆர்மர் போடும் கேபிள்கள் உண்டு. அதற்கு இந்தியத் தரமே இடம் கொடுக்கிறது: ஐ.எஸ் 1554-இலும் ஐ.எஸ் 7098-இலும் உள் உறையைப் பிழிந்தும் வார்க்கலாம், டேப் சுற்றியும் செய்யலாம். இரண்டுக்கும் ஐ.எஸ்.ஐ முத்திரை உண்டு, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டேப் சுற்றிய கேபிள் ஒரு ஆலைக்கோ மோட்டார் அறைக்கோ குறையில்லாத கேபிள். சம்புக்கும் சேல்ஸ் ரூமுக்கும் நடுவே போட்டால் அது ஒரு குழாய்.

இதை நீங்களே சோதிக்கலாம். உபயோகிக்காத கேபிளில் ஒரு முழத் துண்டு வெட்டுங்கள். கேஸ் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் துணியைச் சுற்றி வாயால் ஊதுங்கள். நுரை கிளம்பினால் அந்தக் கேபிள் மூச்சு விடுகிறது. இது கைச் சோதனை. முறையான சோதனை ஐ.இ.சி 60079-14-இன் 2013 பதிப்பில் இருக்கிறது: அரை மீட்டர்த் துண்டை 5 லிட்டர் அடைத்த பெட்டியில் பொருத்தி, 0.3 கிலோ பாஸ்கல் அழுத்தம் ஏற்றி, அது 0.15 இறங்க 5 நொடிக்குக் குறையாமல் எடுக்கிறதா என்று பார்ப்பது. நல்ல கேபிள் கம்பெனியிடம் இந்தச் சோதனைச் சான்றைக் கேட்டால் கொடுப்பார்கள்.

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. ஃபிளேம்புரூஃப் பெட்டி உள்ளே வெடிப்பே நடக்காது என்று உறுதி கொடுப்பதில்லை. நடந்தால் தீயை வெளியே விடாது, அவ்வளவுதான். வெடிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம் எங்கே வழி கிடைத்தாலும் பாயும். கேபிளின் நடுவே இடைவெளி இருந்தால் சூடான வாயு அதன் வழியே ஓடும். எவ்வளவு விலை கொடுத்துச் சான்றுள்ள பெட்டி வாங்கினாலும் மூச்சு விடும் கேபிளைச் செருகினால் அது சாதாரணப் பெட்டி. பெட்டி, கிளாண்ட், கேபிள் மூன்றையும் ஒரே பொருளாக நினைத்து வாங்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கிளாண்டில் ஒரு பெரிய குழப்பம் நிலவுகிறது. கடையில் "எஃப்.எல்.பி (ஃபிளேம்புரூஃப்) டபுள் கம்ப்ரஷன்" என்று கேட்டு வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் ரப்பர் வளையத்தால் உள் உறையையும் வெளி உறையையும் சுற்றிப் பிடிக்கிறது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், கேபிளின் வயிற்றுக்குள் போவதைத் தடுக்காது. அதைத் தடுப்பது பேரியர் கிளாண்ட்: உள்ளே நிரப்பி நூலையும் டேப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு கோரையும் பிரித்து, அதைச் சுற்றி இரண்டு பகுதி எபாக்ஸியைக் கையால் அடைப்பது. ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள் நேராக நுழையும் கேபிள் உருண்டையாகவும் இறுக்கமாகவும், பிழிந்து வார்த்த உள் உறையும் ஈரம் உறிஞ்சாத நிரப்பியும் கொண்டதாகவும், குறைந்தது 3 மீட்டர் நீளமாகவும் இருந்தால் ரப்பர் வளையக் கிளாண்டே போதும். இதில் ஒன்று குறைந்தாலும் பேரியர் கிளாண்ட் போட வேண்டும். டிஸ்பென்சருக்கும் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸுக்கும் இடையே ஒன்றரை மீட்டர்தான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். எபாக்ஸி இறுகக் கம்பெனி சொன்ன நேரம் முழுதும் காத்திருங்கள், "வண்டி நிக்குது, ஆன் பண்ணுங்க அண்ணாச்சி" என்று யார் அவசரப்படுத்தினாலும்.

அந்தப் பங்க்கில் கடைசியில் கேபிளையே மாற்றினோம், சம்ப் முனையில் பேரியர் கிளாண்ட் போட்டோம், டக்ட் இரண்டு முனையையும் நிலையான சீலிங் காம்பவுண்டால் அடைத்தோம். கேஸ் பிளான்ட் என்றால் இதோடு டிரெஞ்ச் முழுக்க மணல் நிரப்ப வேண்டும், ஆவி தங்க இடமே இருக்கக் கூடாது.

உறை கல்லாகிவிட்டது, அல்லது ஊதிவிட்டது

சம்பில் கிடந்த பி.வி.சி கேபிளை வளைத்தால் கறுப்பு ஓடு போல உடையும். வெயிலில் காய்ந்தது என்று சொல்வார்கள், சம்புக்குள் ஏது வெயில்? பி.வி.சி தன்னளவில் கெட்டியான பொருள். அதை வளைய வைப்பது உள்ளே கலந்த பிளாஸ்டிசைசர் எண்ணெய். பெட்ரோல் அந்த எண்ணெயைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உறை சுருங்கி விறைக்கிறது, கிளாண்ட் ரப்பரின் பிடி தளர்கிறது. சில ரப்பர் உறைகளோ எதிர்மாறாக எண்ணெய் குடித்து ஊதிப்போகும்.

பெட்ரோல் எப்போதாவது சிந்தும் இடமா, தேங்கி நிற்கும் இடமா என்று முதலில் பாருங்கள். சிந்தும் இடம் என்றால் கேபிளைத் தரையிலிருந்து தூக்கி டிரேயில் ஓட்டுவதே பாதி வைத்தியம். தேங்கும் இடம், டாங்கர் இறக்கும் வாய்ப் பக்கம், டெப்போவில் பம்ப் மேனிஃபோல்ட் அடி என்றால் பி.வி.சி-யை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் காலத்தில் ஈய உறை போட்ட கேபிள்தான் இதற்கு. இப்போது அலுமினியப் படலமும் எச்.டி.பி.இ பிளாஸ்டிக்கும் நைலானும் அடுக்கிய உறை கிடைக்கிறது, எடை குறைவு, கையாள்வதும் எளிது. ஈயம் போட்டாலும் நைலான் போட்டாலும் கிளாண்ட் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும்.

வெயிலில் கெடுவதும் உண்டு, அது வேறு முகம்: வானத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்து வெடிக்கும், அடிப்பக்கம் நன்றாக இருக்கும். நீல உறைக் கேபிள்களுக்கு இது சீக்கிரம் வரும். கூரைக்கு அடியிலோ மூடிய டிரேயிலோ ஓட்டுங்கள்.

டேங்க் அளவு தாவுகிறது

ஸ்கிரீனில் டேங்க்கில் 8,000 லிட்டர் காட்டுகிறது, அடுத்த நிமிஷம் 7,400, மறுபடி 8,000. டிப் ராடு போட்டால் சரியாக இருக்கிறது. டேங்க்கில் அளவு எடுக்கும் புரோப் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள்.

புரோப் ஸோன் 0-வுக்குள் இருக்கிறது. அதற்குப் போகும் சர்க்யூட் இன்ட்ரின்சிக் சேஃப்டி, அதாவது வயர் அறுந்து பொறி பறந்தாலும் ஆவியைப் பற்றவைக்கப் போதாத அளவுக்குச் சக்தியைக் கட்டுப்படுத்திய சர்க்யூட். அதனால்தான் கேபிளுக்கு நீல உறை.

பாதித் தொல்லை ஷீல்டில் இருக்கும். ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்திருப்பார்கள், நல்லெண்ணத்தோடுதான். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஷீல்டு வழியே ஓடி அளவைக் கலைக்கும். ஒரு முனையில் மட்டும், பொதுவாகப் பாதுகாப்பான அறைப் பக்கத்தில், எர்த் செய்யுங்கள். மறுமுனையில் ஷீல்டை வெட்டி இன்சுலேட் செய்து மடக்கி வையுங்கள்.

அடுத்தது, எஸ்.டி.பி (டேங்க்குக்குள் இறக்கிய பம்ப்) பவர் கேபிளும் நீலக் கேபிளும் ஒரே டக்ட்டில் கட்டிப் போகிறதா? பம்ப் ஓடும்போது மட்டும் அளவு தாவினால் இதுதான். பம்ப் வி.எஃப்.டி-யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடினால் இன்னும் மோசம். பிரிப்பது அளவுக்காக மட்டுமல்ல. பவர் கேபிளின் இன்சுலேஷன் உரசி நீலக் கேபிளைத் தொட்டால் 415 வோல்ட் நேராக டேங்க்குக்குள் போகும். இங்கே சமரசம் கிடையாது.

கேபிள் வகையை மாற்றியவர்கள் நீளத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். கேபிளே ஒரு கெபாசிட்டர் போலச் சக்தியைச் சேர்த்து வைக்கும். அறைப் பக்கத்தில் அந்தச் சர்க்யூட்டின் சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவிக்கும் பேரியர் என்றுதான் பெயர், இது கிளாண்ட் அல்ல. அதன் சான்றிதழில் எவ்வளவு கெபாசிட்டன்ஸ் வரை இணைக்கலாம் என்று இருக்கும். வழக்கமான 28 வோல்ட், 93 மில்லிஆம்ப் பேரியருக்கு டூ-சி வாயுக் குழுவில் 83 நானோஃபாரட். கருவி 5 எடுத்துக்கொண்டால் மீதி 78. கேபிளின் அளவு தெரியாவிட்டால் மீட்டருக்கு 200 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது தரம். 78 நானோஃபாரட்டை அதால் வகுத்தால் 390 மீட்டர். டூ-சி என்பது ஹைட்ரஜன், அசிட்டிலீன். மகேந்திரகிரியில் இஸ்ரோ கையாளும் திரவ ஹைட்ரஜன் அந்தக் குழுதான். பெட்ரோலும் எல்.பி.ஜி-யும் டூ-ஏ, அதற்கு வரம்பு பல மடங்கு அதிகம். பங்க்கில் இந்தக் கணக்கு இடிக்காது. டெப்போவில் தொட்டிக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் அரை கிலோமீட்டர் இருக்கும்போது, எந்தக் குழு என்று பார்த்துக் கணக்குப் போட்டே தீர வேண்டும்.

இடி இடித்த மறுநாள் மட்டும் கோளாறு வந்தால் அது கேபிள் வகை அல்ல, சர்ஜ் பாதுகாப்பு. அதைத் தனியாகப் பாருங்கள்.

கிளாண்ட் பக்கம் கை வைக்க முடியவில்லை

சூடு ஓர் இடத்தில் மட்டும் என்றால் தளர்ந்த லக். நீளம் முழுக்க என்றால் சைஸ் போதவில்லை அல்லது கேபிள்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. கரன்ட் அட்டவணை 40 டிகிரி காற்றை வைத்துப் போட்டது. வெயில் விழும் டிரேயில் 50 டிகிரி வந்தால் எக்ஸ்.எல்.பி.இ ஏறக்குறைய 89 சதவீதம்தான் தாங்கும், பி.வி.சி 82. ஏனென்றால் எக்ஸ்.எல்.பி.இ 90 டிகிரி வரை போகலாம், பி.வி.சி 70-இல் நிற்க வேண்டும். பெரிய டெப்போக்களில் ஒற்றைக் கோர் கேபிளுக்கு இரும்பு ஆர்மர் போட்டு, அந்த ஆர்மரே சூடாவதையும் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கோருக்கு அலுமினிய ஆர்மர்தான்.

துரு, எலி, கரையான்

கடற்கரைப் பக்கம் கிளாண்ட் கழுத்தில் ஆர்மர் பொடிப்பொடியாக உதிரும். வெளி உறையைத் தேவைக்கு மேல் உரித்து விட்டதுதான் காரணம். உறை கிளாண்டுக்குள் வரை போக வேண்டும், மேலே ஷ்ரவுட் (கிளாண்டை மூடும் உறை) போட வேண்டும், பித்தளைக் கிளாண்டுக்கு நிக்கல் பூச்சு வேண்டும். ஆர்மரை மட்டும் எர்த்தாக நம்பியிருந்தால் அது உதிர்ந்த நாளில் எர்த்தும் போய்விடும், தனி எர்த் கோர் சேர்த்து வாங்குங்கள்.

தேரியில் கரையான், சேல்ஸ் ரூம் டிரெஞ்ச்சில் எலி. இரண்டுக்கும் ஆர்மர்தான் பதில். எலி கடித்த இடத்தில் டேப் சுற்றி விட்டுப் போகாதீர்கள்.

இறுக்கிய கிளாண்ட் மாதம் கழித்துச் சுழல்கிறது

மென்மையான புகை குறைந்த உறைகள் சில, ரப்பர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கிக் கொடுக்கும். மறுபடி இறுக்கினால் மறுபடி ஒதுங்கும். அந்த வகை உறையைத் தாங்கும் கிளாண்ட் என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததை வாங்குங்கள், அல்லது பேரியர் கிளாண்ட் போடுங்கள். அளவு தப்பானதாலும் சுழலும். வெளி விட்டத்தையும் ஆர்மருக்கு அடியில் உள் உறை விட்டத்தையும் வெர்னியரில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மரை குறைந்தது ஐந்து சுற்று முழுதாக ஏற வேண்டும். மெட்ரிக் மரையில் இன்ச் மரைக் கிளாண்டை டெஃப்லான் டேப் சுற்றி ஏற்றியதைப் பார்த்தால் அப்போதே கழற்றுங்கள்.

வாங்கப் போகும்போது

கேபிள் மேல் அச்சடித்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஏ இருந்தால் அலுமினியம், இல்லாவிட்டால் செம்பு. 2எக்ஸ் என்றால் எக்ஸ்.எல்.பி.இ, ஒய் என்றால் பி.வி.சி, டபிள்யூ என்றால் உருண்டைக் கம்பி ஆர்மர், எஃப் என்றால் தட்டைப் பட்டை ஆர்மர். ஆகவே ஏ2எக்ஸ்எஃப்ஒய் என்று வந்தால் அலுமினியமும் தட்டைப் பட்டையும். பங்க் வேலைக்கு நான் கேட்பது 2எக்ஸ்டபிள்யூஒய். ஆனால் உள் உறை பிழிந்ததா, டேப் சுற்றியதா என்று இந்த எழுத்துகள் சொல்லாது. ஆர்டரில் "உள் உறை பிழிந்து வார்த்தது மட்டும்" என்று தனி வரியாக எழுதுங்கள்.

எஃப்.ஆர்.எல்.எஸ் என்று கேட்டு வாங்குவது நல்லது. அதன் உறை எரியக் காற்றில் குறைந்தது 29 சதவீதம் ஆக்ஸிஜன் வேண்டும், நம்மைச் சுற்றி இருப்பது 21. அதனால் தீ கேபிள் வழியே பரவாது, புகையும் குறைவு. ஆனால் தீயின் நடுவே அது தொடர்ந்து வேலை செய்யும் என்று அதற்குப் பொருள் இல்லை. எமர்ஜென்சி ஷட்டவுன் பட்டனுக்கும், தீ அணைக்கும் பம்ப் கன்ட்ரோலுக்கும் போகும் கேபிள் தீயிலும் ஓட வேண்டும். அதற்கு ஐ.இ.சி 60331 என்று கேளுங்கள்.

டிரம் வந்து இறங்கியதும், லாரி கிளம்பும் முன், ஒரு முழம் வெட்டி உரித்துப் பாருங்கள். உள்ளே டேப் தெரிந்தால் அந்த டிரம்மை அதே லாரியில் திருப்பி அனுப்புங்கள்.